பன்னிரண்டு பாகக் கயிறு

கோடை விடுமுறையில் ஊட்டி, கொடைக்கானல் என்று போய் வந்தவர்கள் நம்மில் சிலர் இருப்பீர்கள். நான் போனது தொண்டியிலிருந்து கோட்டைப்பட்டினம் வரைக்கும். பஸ்ஸில் அல்ல, மாமாவின் பாய்மர வள்ளத்தில்!

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டு வள்ளங்களுக்குத் தடை இல்லை. அந்தச் சமயத்தில் நண்டுக்கு நல்ல விலை கிடைக்கும். ஒரு வாரம் அந்தப் பக்கம் தங்கி நண்டு வலை போடலாம் என்று மாமா கிளம்பினார். கூடவே ஒரு பெரியவரும், சும்மா இருந்த நானும்.

விடியற்காலை நாலு மணிக்குப் பாய் ஏற்றினோம். தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ள, வள்ளம் சத்தமே இல்லாமல் ஓடியது. இடது கையில் கரை, வலது கையில் சூரியன். சுந்தரபாண்டியன்பட்டினம் தாண்டியதும் "ராமநாதபுரம் ஜில்லா முடிஞ்சிருச்சு மாப்ளே" என்றார் மாமா.

பத்து மணிக்குக் காற்று செத்துவிட்டது. பாய் துணி மாதிரித் தொங்கியது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்கு எரிச்சல்.

"எஞ்சின் எங்க மாமா? போன வருஷம் இருந்துச்சே?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கு" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பெரியவர் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். நான் அப்போது அதைக் கவனத்தில் வைக்கவில்லை.

மத்தியானம் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று கிளம்பியது. வள்ளம் கரைப் பக்கம் சாய ஆரம்பித்தது. காற்றடிக்கும் பக்கமாக ஒரு நீளப் பலகையை வெளியே நீட்டி, "போய் நுனியில உக்காரு" என்றார் மாமா. காலுக்குக் கீழே கடல்! என் எடை 52 கிலோ. ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 78 கிலோகிராம்-மீட்டர் மொமென்ட். மெக்கானிக்ஸ் வகுப்பில் தூங்கி வழிந்த பாடம் அங்கே என் உடம்பிலேயே நடந்தது. நான் நகர்ந்து உட்கார்ந்தபோதெல்லாம் வள்ளம் நிமிர்ந்தது.

மீமிசல் தாண்டி, சாயங்காலம் கோட்டைப்பட்டினத்துக்கு வெளியே வந்து சேர்ந்தோம். தடைக்காலம் என்பதால் கரையோரம் விசைப்படகுகள் நெருக்கி நின்றன. நாங்கள் தள்ளியே நிற்பது என்று முடிவு.

"கறுப்பாத் தெரியுதே, அது கடல்புல்லு. அதுல போட்டா நங்கூரம் பிடிக்காது, புல்லையும் பிச்சுப் போட்டுரும். ஆவுளியா மேயுற இடம். வெள்ளையாத் தெரியுற இடத்துல போடு" என்றார் மாமா. ஆவுளியா என்றால் கடற்பசு. இந்தியாவிலேயே முதல் கடற்பசு காப்பகத்தை 2022-ல் நம் தமிழக அரசு அறிவித்தது இந்தப் பாக் விரிகுடாவில்தான்.

ஆழம் இரண்டு பாகம், அதாவது 12 அடி. நங்கூரத்தைப் போட்டேன். கயிறை நாலு பாகம் விட்டுக் கட்டினேன். காலையில் ஈரக் கயிறை இழுப்பது யார்? நங்கூரம் கனமாகத்தானே இருக்கிறது என்று எனக்குள் ஒரு சமாதானம்.

"கயிறு நல்லா விட்டியா மாப்ளே?"

"விட்டாச்சு மாமா."

கஞ்சி குடித்துப் படுத்தோம். நடு ராத்திரி பெரியவர் உலுக்கி எழுப்பினார். "பள்ளிவாசல் விளக்கும் பின்னால டவர் விளக்கும் ஒரே நேராத் தெரிஞ்சுச்சு. இப்ப விலகிருச்சு பாரு. வள்ளம் நகருது!"

காற்று பலத்திருந்தது. இருட்டில் விசைப்படகுகளின் இரும்பு உடம்பு கிட்டத்தில் தெரிந்தது. மோதினால் பலகை தெறித்துவிடும். மாமா ஒரே பாய்ச்சலில் முன்னால் போய், கட்டை அவிழ்த்துக் கயிறை விட்டார்... விட்டுக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு பாகம் போனதும் கயிறு விறைத்தது. வள்ளம் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விசைப்படகுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு வள்ள நீளம்கூட இல்லை.

மாமா திட்டவில்லை. "கயிறு நம்ம வள்ளத்துல சுருண்டு கிடந்து என்ன பிரயோசனம் மாப்ளே? தண்ணிக்குள்ள இல்ல இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நான் தூங்கவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டேன். 12 அடி ஆழத்தில் 24 அடிக் கயிறு என்றால் சாய்வு 30 டிகிரி. இழுவையில் பாதி நங்கூரத்தை மேலே தூக்கும். 72 அடிக் கயிறு என்றால் 10 டிகிரிகூட வராது. ஆறில் ஒரு பங்குதான் தூக்கும். மீதி இழுவை நங்கூரத்தின் நகத்தை மண்ணுக்குள் அழுத்தும். பத்து கிலோகூட இல்லாத இரும்பு ஒரு வள்ளத்தைப் பிடித்து நிறுத்துவது கனத்தால் அல்ல, கயிற்றின் நீளத்தால்! பரீட்சையில் கேட்டிருந்தால் பத்து மார்க்கும் வாங்கியிருப்பேன். கடல் கேட்டபோது நான் ஃபெயில்.

அப்போதுதான் பெரியவர் மெதுவாகச் சொன்னார். "எஞ்சின் ரிப்பேருக்குப் போகல தம்பி. நீ காலேஜ் சேர்றப்ப பீஸ் கட்ட வித்தாச்சு. உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டான்."

எனக்குத் தொண்டை அடைத்தது. எஞ்சினை எனக்காக விட்டவர், மிச்சம் இருந்த வள்ளத்தை என் கையில் நம்பிக் கொடுத்திருக்கிறார். நானோ கயிறு இழுக்கச் சோம்பல்பட்டு 'விட்டாச்சு' என்று சொல்லியிருக்கிறேன்.

விடிந்ததும் பன்னிரண்டு பாகக் கயிறையும் நானே இழுத்தேன். உள்ளங்கை இரண்டும் கன்றிப் போயின. மாமா பார்த்துச் சிரித்தார். எஞ்சின் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நண்பர்களே, இந்த வருடத்தோடு நம் டிப்ளமோ முடிகிறது. வேலை கிடைத்துச் சம்பளம் வாங்கினால், செகண்ட் ஹேண்டிலாவது ஒரு எஞ்சின் வாங்கி அந்த வள்ளத்தில் நானே பொருத்த வேண்டும். அதுவரைக்கும் லேபிலோ ஒர்க் ஷாப்பிலோ யாராவது "முடிச்சிட்டியா?" என்று கேட்டால், பதில் சொல்லும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்!