மூவரசரும் நாங்களும்

சனவரி 4-ஆம் நாள் ஓசூரில் பணியேற்க வேண்டுமென்ற மாற்றல் ஆணை டிசம்பர்த் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. அன்று முதல் எங்கள் தூத்துக்குடி இல்லத்தில் ஒரு பக்கம் குடில் எழும்பிற்று. மறுபக்கம் பெட்டிகள் நிறைந்தன.

1713-இல் எழுந்து, 1982-இல் பேராலயமாக உயர்த்தப்பெற்ற பனிமய மாதா ஆலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி கண்டோம். எங்கள் திருமணமும், மக்கள் இருவரின் திருமுழுக்கும் நிகழ்ந்த இடம் அதுவே. பின்னர் நாள்தோறும் உறவினர் இல்லங்களில் விருந்து. அவர்கள் அன்புடன் அளித்த மக்ரூன் பொட்டலங்களே ஒரு பெட்டியை நிறைத்தன.

விடைபெறுமுன், திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள மணப்பாட்டுக்கு அம்மாவுடன் சென்றோம். வழியில் உப்பளங்கள் மழைநீர் தேங்கி ஓய்ந்து கிடந்தன. மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். கடற்பக்கத்தில், 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. ஊர் ஊராய் நடந்த அப்புனிதரின் குகையருகேதான் அம்மா மனம் திறந்தார்கள்.

"நீங்கள் போய் வாருங்கள், மக்களே. அப்பாவின் கல்லறையை விட்டுவர எனக்கு மனமில்லை."

வற்புறுத்த எங்களுக்கு நா எழவில்லை.

புறப்படும் நாளில் குடிலைக் கலைக்காமல் அம்மாவிடமே விட்டுவைத்தோம். மூவரசரை மட்டும் எங்கள் மகள் எடுத்துக்கொண்டாள். "இவர்கள் இன்னும் வழியில்தானே இருக்கிறார்கள், பாட்டி! அடுத்த பிறப்பு விழாவுக்கு நானே கூட்டி வருவேன்" என்றாள்.

அந்த வாக்கைக் காப்பது இனி எங்கள் கடமை.