உள்ளே வாங்கும் காற்று

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். எல்லா ஆண்டும் அது வாய்ப்பதில்லை. 2024-இல் திறக்க ஜூலை 28 ஆனது. அத்தகைய ஆண்டுகளில் காவிரி டெல்டாவில் குறுவை நடுவது பம்புசெட் உள்ளவர்கள்தான். நாற்றங்கால் காயும் நாளில் அந்தப் பம்புசெட் ஏர் பிடித்து நின்றால் விவசாயி துடித்துப் போகிறான்.

தரைமேல் நிற்கும் பம்பு, உறிஞ்சு குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. தண்ணீரை மேலே ஏற்றுவது வெளிக்காற்றின் அமுக்கம். நம் சமவெளியில் அந்த அமுக்கம் தாங்கும் உயரம் சுமார் 10.3 மீட்டர், நடைமுறையில் 6, 7 மீட்டர் கிடைத்தால் நல்லது. நீர்மட்டம் இறங்கிய காலத்தில் பள்ளம் வெட்டி மோட்டாரைக் கீழே வைத்தது இதனால்தான்.

டெலிவரி குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீய்ச்சும். வரப்பில் போகிறவர்கூடச் சொல்லிவிடுவார். உறிஞ்சு குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தால், மோட்டார் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போகும். தண்ணீர் விட்டுவிட்டு விழும், நுரைக்கும், பிறகு நின்றுவிடும். உடனே மோட்டாரைக் குறை சொல்கிறோம். மூன்று எச்.பி.யை விற்றுவிட்டு, கடன் வாங்கி ஐந்து எச்.பி. வைத்தவர்களை எனக்குத் தெரியும். புது மோட்டாரும் அதே விரிசல் வழியாகக் காற்று வாங்கியது. மின்சாரம் இலவசம் என்பதால் வெறுமனே ஓடும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதுமில்லை.

குடும்பங்களிலும் இதையே கண்டேன். வாய்விட்டுச் சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் அடுத்த பொங்கலுக்குள் சேர்ந்துவிடுகிறார்கள். பாகம் பிரித்த அன்று ஒன்றும் பேசாமல் மனத்தாங்கலை உள்ளே வைத்துக்கொண்டவர்களின் வீட்டில், வருடங்கள் கழித்துப் பெண் கல்யாணத்தில் பேச்சு நிற்கிறது. அப்போது கிடைத்த காரணத்தின்மேல் பழி போடுகிறார்கள்.

பம்பு ஏர் பிடித்தால் சாணியைக் கரைத்து ஊற்றி ஓட்டுவது நம் பழக்கம். அன்றைய பாய்ச்சலுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் விரிசல் அங்கேயே இருக்கும். மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை எங்கே உள்ளே இழுக்கப்படுகிறதோ அங்கேதான் கோளாறு. பிரித்து, புதுச் சணல் சுற்றி, பிளாஞ்சுக்கு நல்ல ரப்பர் வெட்டிப் போட்டு முறுக்குங்கள். உறிஞ்சு குழாய் பம்பை நோக்கிச் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மேடு இருந்தால் காற்று அங்கே தங்கிவிடும். திறந்த கிணறானால் புட்வால்வு நன்றாக மூழ்கியிருக்கட்டும். மேலாக இருந்தால் சுழல் விழுந்து காற்றை இழுக்கும். கிளாண்டில் சொட்டுச் சொட்டாக நீர் வருவது குற்றமல்ல. அதை நிறுத்த இறுக்கினால் உள்ளே சுற்றிய கயிறு கருகி, தண்டு தேய்ந்து, அந்த வழியாகவும் காற்று நுழையும். நீர் நிரப்பும்போது பம்பின் மேல் திருகைத் திறந்துவையுங்கள். குமிழி நின்று வெறும் தண்ணீர் வழிந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

வயலில் வேலை ஓய்ந்திருக்கும் சித்திரையில் இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துப்போய், புகை உள்ளே போகும் இடத்தைக் காட்டுங்கள்.