வேலிக்குள் மான்

1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற் மிசிசிப்பி மாநிலத்துச் சதுப்புக் காடுகளிற் கரடி வேட்டைக்குச் சென்றிருந்தார். வழிகாட்டியாக வந்தவர் ஹோல்ற் கொலியர் என்னும் கறுப்பினத்தவர். அடிமையாகப் பிறந்து, பிற்காலத்தில் அப்பகுதி முழுவதும் பெயர்பெற்ற கரடி வேட்டைக்காரராக விளங்கியவர். நாய்களாற் சூழப்பட்ட கரடியொன்றை அவர் துப்பாக்கிப் பிடியால் அடித்து அடக்கி, மரத்திற் கட்டிவைத்துவிட்டுச் சனாதிபதிக்கு ஆளனுப்பினார். வந்து பார்த்த றூஸ்வெல்ற், கட்டுண்ட விலங்கைச் சுடுவதற்கு மறுத்துவிட்டார். செய்தித்தாளிற் கேலிச்சித்திரமாக வெளிவந்த இந்நிகழ்ச்சியிலிருந்தே குழந்தைகள் அணைத்துக்கொண்டு உறங்கும் 'ரெடி' கரடிப் பொம்மை பிறந்தது. கதையின் இறுதிப் பகுதியைச் சொல்வோர் சிலரே. கரடி அவிழ்த்துவிடப்படவில்லை. அதன் வேதனையை முடித்துவிடும்படி றூஸ்வெல்ற் பணித்தார். அது கத்தியாற் கொல்லப்பட்டது.

அன்று காப்பாற்றப்பட்டது வேட்டைக்காரரின் பெயர். கரடிக்குக் கிடைத்தது யாதுமில்லை. வேட்டையறம் பற்றிப் பேசப்படும் பொழுதெல்லாம் இவ்வுண்மை மறக்கப்படுகின்றது. அதனை மறவாது வைத்துக்கொண்டே ரெக்சஸ் மாநிலத்தின் மான்வேலிகளை நோக்குதல் வேண்டும். அங்கே கயிற்றின் இடத்தை வேலி பெற்றிருக்கின்றது.

ரெக்சஸ் நிலப்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தனியாருக்கு உரியது. மாட்டுப் பண்ணைகளின் சாதாரண முட்கம்பி வேலியை வெண்வால் மான் அநாயாசமாகத் தாண்டிவிடும். அதற்கு அது வேலியே அன்று. ஆனால், எட்டடி உயரத்துக்கு நெருக்கமான கம்பி வலை அமைத்து நிலத்தை அடைத்துவிட்டால், உள்ளிருக்கும் மான் பெரும்பாலும் உள்ளேயே வாழ்ந்து உள்ளேயே மடியும். யாழ்ப்பாணத்து வாசகருக்கு வேலி என்றதும் கதியாலும் கிடுகும், அயலவன் ஆடும், எல்லைக்கல் நகர்ந்ததாலெழுந்த வழக்கும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவ்வேலி வெளியே உள்ளதை வெளியே நிறுத்துவது. ரெக்சஸ் வேலியின் தொழிலோ உள்ளே உள்ளதை உள்ளே நிறுத்துவது.

உள்ளே நடப்பவை ஒரு தன்மையன அல்ல. பல்லாயிரம் ஏக்கர் கொண்ட பண்ணைகளும் உள. சில நூறு ஏக்கரோடு முடிந்துவிடுவனவும் உள. சில பண்ணைகளில் அகப்பட்ட காட்டு மான்களே பெருகுகின்றன. வேறு சிலவற்றுக்கு மான்கள் வளர்ப்பகங்களிலிருந்து வருகின்றன. காதில் இலக்கத் தகடு பூட்டி, பரம்பரைக் குறிப்பு எழுதி, செயற்கைக் கருவூட்டல் வரையிலான முறைகளைக் கையாண்டு, கொம்பு ஒன்றையே குறியாகக் கொண்டு அங்கே மான்கள் வளர்க்கப்படுகின்றன. கொம்பின் கிளைகளை அங்குலக் கணக்கில் அளந்து கூட்டி வரும் தொகையே மானின் மதிப்பு. பல பண்ணைகளில் அதுவே விலைப்பட்டியலும் ஆகும். கட்டின்றித் திரிந்த வெண்வால் மான்களுள், ஒழுங்கற்ற கொம்பினவற்றின் வகையில் முதலிடம் பெற்றது 1981இல் மிசூரி மாநிலத்தில் இறந்து கிடக்கக் கண்டெடுக்கப்பட்ட ஒன்று. அதன் அளவு 333 அங்குலத்துக்குச் சற்று அதிகம். அதனை எந்த வேட்டைக்காரனும் சுடவில்லை என்பது ஒரு சுவையான செய்தி. வளர்ப்பக மான்களிற் சில இன்று 400 அங்குலத்தையும் கடந்துவிட்டன.

இவ்விடங்களுக்குப் பணங் கொடுத்து வருபவரைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. ஆயின் அது நேர்மையாகாது. பெருநகரொன்றின் வணிகர் ஒருவரைக் கருதிப் பார்க்கலாம். இளமையில் தந்தையுடன் காடு சென்றவர். அதிகாலைக் குளிரும் ஈர மண்ணின் மணமும் அவர் நெஞ்சில் இன்றும் உண்டு. இன்று அவருக்கு ஆண்டில் ஓய்வாகக் கிடைப்பவை மூன்று நாள்கள். சொந்த நிலம் இல்லை. ரெக்சசிற் பொது நிலம் மிகக் குறைவு. வெறுங்கையோடு திரும்பிவிட்டால் அடுத்த வாய்ப்பு அடுத்த ஆண்டுதான். பண்ணைக்காரர் அவருக்குத் தங்குமிடமும் உணவும் வழிகாட்டியும் தருகிறார். அவற்றோடு இன்னொன்றையும் தருகிறார். மான் கிடைக்கும் என்னும் உறுதி அது. விலையின் பெரும்பகுதி அவ்வுறுதிக்கே கொடுக்கப்படுகின்றது.

அங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. தமிழ் அகப்பாடல்களிற் குறிஞ்சித் தலைவன் தினைப்புனங் காக்கும் மகளிரை அணுகி, அம்பு பட்டு ஓடிய மான் இவ்வழி வந்ததோ என வினவுதல் ஒரு மரபு. கெடுதி வினாதல் என இலக்கணகாரர் அதனைக் குறிப்பர். தலைவன் கேட்பது வெறும் சாக்கு என்பது தோழிக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். எனினும் அச்சாக்கு நம்பத்தக்கதாவது, மான் என்பது தப்பிவிடக் கூடிய ஒன்று என்பதனாலேயே. எட்டடி வேலிக்குள் நிற்பவன் இக்கேள்வியைப் பொய்யாகக்கூடக் கேட்க முடியாது.

இவ்வுணர்வு புதியதன்று. பாரசீக அரசர் மதில் சூழ்ந்த வேட்டைத் தோட்டங்களை வைத்திருந்தனர். சுவர்க்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், அடைக்கப்பட்ட அத்தோட்டத்தின் பழம்பெயரிலிருந்தே கிரேக்க மொழி வழியாக வந்தது. கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிற் செனபன் என்னும் கிரேக்கர் எழுதிய சைரசு மன்னனின் வரலாற்றில், சிறுவன் சைரசு பாட்டனாரின் தோட்டத்து விலங்குகளைக் கொன்று களித்துவிட்டு, பின்னர் மலைக்காட்டிற் கட்டற்ற விலங்கைத் துரத்திய பொழுது, முன்னர் தான் செய்தது வேட்டையே அன்று என்று உணர்கிறான். அரசகுமாரன் ஒருவனுக்கு ஒரு நாளிற் புலப்பட்டதை விதியாக எழுதிவைக்க நெடுங்காலம் சென்றது. றூஸ்வெல்ற் முதலியோர் 1887இல் நிறுவிய பூன் அன்ட் குரோக்கெற் கழகம், தப்ப முடியாத வேலிக்குட் கொல்லப்பட்ட விலங்கைத் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. பதிவு கேட்பவர், முறையான வேட்டையிற் பெற்றதென்று கையொப்பமிட்டு உறுதிகூறல் வேண்டும்.

பண்ணையாளர் தரப்பின் விடையும் வலுவற்றதன்று. வெண்வால் மான் ஒன்று தன் வாழ்நாளிற் பெரும்பாலும் உலவும் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். சில வேளைகளில் அதனினும் அதிகம். பத்தாயிரம் ஏக்கர் பண்ணையின் நடுவில் வாழும் மான் வேலியைக் காணாமலே இறந்துபோகலாம். அங்கே வேட்டைக்காரன் மூன்று நாள் அலைந்து தோற்பதும் உண்டு. மாறாக, வேலியற்ற நிலத்திலேயே நேரம் வைத்துச் சோளந் தூவும் பொறியை நிறுத்தி, அதன் எதிரே மரக்கூண்டுக்குள் அமர்ந்து, தீனிக்கு வரும் மானைச் சுடுதல் ரெக்சசிற் சட்டம் அனுமதித்த வழக்கம். வேலியைப் பழிக்கும் பலர் அக்கூண்டுகளிலிருந்து இறங்கி வந்தவர்களே. சோளத்தால் அழைத்தல் தகும், கம்பியால் மறித்தல் தகாது என்பதற்கு அவர்கள் கூறும் நியாயம், உயிர் இழக்கும் மானின் பக்கத்திலிருந்து பார்ப்பின், மிக மெல்லியது.

மேலும், வேலி சிலவற்றைக் காத்துமிருக்கின்றது. இலங்கைக் காடுகளுக்கும் இந்தியக் காடுகளுக்கும் உரிய புள்ளிமான் 1930களிற் கொண்டுவரப்பட்டு, இன்று ரெக்சஸ் குன்றுகளில் வேலிக்கு உள்ளும் புறமும் பெருகிவிட்டது. அதற்குத் தன் தாயகத்திலேயே குறைவில்லை. ஆனால், வாள்போற் பின்வளைந்த கொம்புடைய சகாராப் பாலைநில ஒறிக்ஸ் 2000ஆம் ஆண்டில் இயற்கைச் சூழலில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட பொழுது, ரெக்சஸ் பண்ணைகளில் அது ஆயிரக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தது. சுடுவதற்குப் பணங் கொடுப்போர் இருந்தமையாலேயே அவற்றை வளர்ப்போரும் இருந்தனர். 2016 முதல் சாட் நாட்டில் அவ்வினம் மீண்டும் விடப்பட்டு வருகின்றது. அதற்கான மந்தை அபுதாபியிலே திரட்டப்பெற்றது. பண்ணை வேட்டையை முழுதாகப் பழிப்போர் இச்செய்தியை விழுங்கிக்கொள்ளச் சற்றுச் சிரமப்படவே வேண்டும். எனினும், ஒறிக்சுக்காகச் சொல்லப்படும் நியாயத்தை வெண்வால் மானுக்கு இரவல் வாங்குதல் பொருந்தாது. ரெக்சசில் வெண்வால் மான் பல இலட்சக்கணக்கில் உண்டு.

அவ்வாறாயின் தவறு எங்கே உள்ளது? பரப்பை மட்டும் அளந்தால் விடை கிடையாது. மத்தியகால இங்கிலாந்தின் மான்பூங்காக்கள் இதற்கு ஒரு வெளிச்சந் தருகின்றன. பிரபுக்கள் தம் பூங்காவைச் சுற்றி அகழி தோண்டி மரவேலி நிறுத்துவர். சில இடங்களில் 'மான்தாண்டி' எனப்பட்ட ஓர் அமைப்பு இருக்கும். வெளியிலிருந்து வரும் மான் மேட்டில் ஏறி உள்ளே குதிக்கலாம். உள்ளிருக்கும் மானுக்கோ அகழியின் ஆழமும் வேலியின் உயரமும் சேர்ந்து தாண்ட முடியாத தடையாகிவிடும். வெளிக்காட்டு மான் அரசனுடையது. உள்ளே விழுந்ததும் பிரபுவினுடையது. ஆதலின் மான்தாண்டி அமைக்க அரசனின் அனுமதி வேண்டியிருந்தது. அரசன் ஏமாளி அல்லன்.

ரெக்சசில் அரசனின் இடத்தில் மக்கள் இருக்கின்றனர். காட்டு விலங்குகள் மாநில மக்களின் சொத்து என்பது அங்குள்ள சட்டம். ஒருவர் தம் நிலத்தை உயர்வேலியால் அடைக்கும் பொழுது உள்ளே நின்ற மான்கள் உள்ளேயே அகப்படுகின்றன. சட்டப்படி அவை இன்னும் மக்களுடையனவே. வளர்ப்பக மானும் அவ்வாறே பொதுச் சொத்து என 2019இல் ஒஸ்ரின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தில் எல்லோருக்கும் உரியது, வாயிற்கதவின் சாவியோ ஒருவர் கையில். வேலியின் முதற்குற்றம் மானைத் தப்பவிடாமையினும், பிறர்க்கும் உரியதை ஒருவரின் விலைப்பொருளாக்குவதிலேயே உள்ளது எனல் வேண்டும். எல்லை கடந்து மேயும் ஒன்றைப் பொதுவாக வைத்திருத்தற்கு அது எல்லை கடக்கக் கூடியதாக இருத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது கேடு கண்ணுக்குத் தெரியாதது. 1967இற் கொலராடோவின் ஆய்வுக்கூடமொன்றில் அடைத்து வளர்க்கப்பட்ட மான்கள் காரணமின்றி மெலிந்து, எச்சில் ஒழுக, தலை தாழ்த்தி நின்று மடிந்தன. மூளையைக் கடற்பஞ்சுபோல் துளையிடும் நோய் இதுவென 1978இல் அறியப்பட்டது. பிறழ்ந்த புரதமொன்றால் உண்டாகும் இந்நோய்க்கு மருந்தில்லை. அப்புரதம் மண்ணிற் பல்லாண்டு கிடந்து தொற்றவல்லது. ரெக்சசில் 2012இல் மேற்கெல்லையின் காட்டு மான்களிலும், 2015இல் மெடினா மாவட்டத்து வளர்ப்பகமொன்றிலும் அது காணப்பட்டது. நோய் காட்டிலும் பரவக்கூடியதாகையால் முழுப்பழியையும் வளர்ப்போர் மீது சுமத்தலாகாது. ஆயினும் மான் தன் கால்களால் ஓராண்டிற் செல்லாத தூரத்தை வண்டி ஒரே இரவிற் கடக்கின்றது. மானைத் தடுக்கும் கம்பிவலை, இருபுறமும் நிற்கும் மான்கள் மூக்கோடு மூக்கு உரசுவதைத் தடுப்பதில்லை. நோய் கண்ட வளர்ப்பகங்களில் மந்தை முழுவதையும் கொல்லுமாறு அரசு பணித்ததுமுண்டு. அவ்வேளை, பெயரிட்டுப் புட்டிப்பால் ஊட்டி வளர்த்தவர்கள் கண்ணீர் விட்டதும் பொய்யன்று. அம்மான்கள் கொல்லப்படுவதற்காகவே வளர்க்கப்பட்டவை என்பதும் பொய்யன்று.

பிற மாநிலங்களில் இவ்விடயம் வாக்குப்பெட்டி வரை சென்றது. பண்ணை விலங்குகளைக் கட்டணம் பெற்றுச் சுடுவிப்பதை மொன்ரானா மக்கள் 2000இல் வாக்களித்துத் தடுத்தனர். அத்தகைய தடையை வட டக்கோற்றா மக்கள் 2010இல் நிராகரித்தனர். இரு மாநிலங்களும் அருகருகே உள்ளவை. இரண்டிலும் துப்பாக்கி பிடித்து வளர்ந்தோரே மிகுதி.

மேலே கருதிய வணிகரின் வீட்டுச் சுவருக்கு ஒரு தலை வந்து சேரும். பதப்படுத்துவோர் கழுத்தோடு நிறுத்திவிடுவர். வேலி அதிலே தெரியாது. வரவேற்பறையில் விருந்தினர் நிமிர்ந்து பார்த்து, இவ்வளவு பெரிய கொம்பா என வியப்பர். எத்தனை நாள் அலைந்தீர்கள் என்று எவரேனும் கேட்பின், மூன்று நாள் என்று அவர் சொல்வார். அது உண்மையே. அம்மானின் கொம்பு எத்தனை அங்குலம், விலை எத்தனை டொலர் என்பது மட்டும் புறப்படுவதற்கு முன்னரே அவருக்குத் தெரிந்திருந்தது.