அம்மாவின் பணம், என் ஆசை

அம்மாவின் சீட்டுப் பணத்தில் எனக்குப் பிடித்த போனை வாங்கினேன். அவருக்குத் தோதான போன் பக்கத்திலேயே இருந்தது. தெரிந்தேதான் அதை ஒதுக்கினேன். வீட்டில் இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

புழல் காவாங்கரையில் ஜி.என்.டி. சாலையோரம் அம்மா இட்லிக் கடை நடத்துகிறார். 2023 ஆடித் தள்ளுபடியில் போன் வாங்கப் போனோம். "காசு வந்தா சத்தமா கேக்கணும் தம்பி. ராத்திரி வரைக்கும் சார்ஜ் நிக்கணும். அது போதும்" என்றார்.

கடைக்காரர் எடுத்து வைத்த இரண்டும் ஆண்ட்ராய்டு போன்கள், விலையும் கிட்டத்தட்ட ஒன்று. ஒன்றில் பெரிய பேட்டரி, இரண்டு ஸ்பீக்கர், நான்கு ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட். மற்றதில் 108 மெகாபிக்சல் கேமரா, பளபளக்கும் முதுகு, '8+8 ஜிபி ரேம்'. அம்மா முதல் போனைக் கையில் எடுத்தார். "அது பழைய மாடல்மா, இதுதான் உனக்குச் சரி" என்று மற்றதைக் காட்டினேன். அது பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கேமராவை நான் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதே என் எண்ணம்.

விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. 108 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக ஒன்பது பிக்சலை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தரும் என்று தெரியும். '8+8'-இல் இரண்டாவது எட்டு, ஸ்டோரேஜிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேகம் குறைந்த இடம் என்றும் தெரியும். 2015-இல் கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. அவற்றை நம் போனுக்கு அனுப்புவது போன் நிறுவனத்தின் பொறுப்பு. யுபிஐ-யில் வியாபாரம் செய்பவருக்கு எது முக்கியம் என்று அறிந்தே தவறான போனைக் காட்டினேன்.

சாலையில் ஆந்திரா போகும் லாரிகளின் இரைச்சல், கடைக்குள் ஸ்டவ் சத்தம். இவற்றுக்கு நடுவே பணம் வந்த அறிவிப்பு அம்மாவுக்குக் கேட்கவில்லை. போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்தார். அப்படியும் மாவுக் கையோடு குனிந்து காது கொடுக்க வேண்டியிருந்தது. கூட்ட நேரத்தில் பணம் வந்ததா என்று பார்க்க முடியாமல் பலரை அப்படியே அனுப்பிவிடுவார். இரவு கணக்கில் துண்டு விழும்.

ஒருநாள், "எனக்குக் காது மந்தமாயிடுச்சு போல, டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார். அவர் காதில் ஒரு குறையும் இல்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்தேன். போன் விஷயத்தில் சொன்ன பொய்யைவிட அந்த மௌனம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது.

இன்று இரவு கடை அடைத்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவர் கேட்ட மாதிரி போனை என் சம்பளத்தில் வாங்கித் தருவேன்.

வீட்டுப் பெரியவர்களுக்குப் போன் வாங்கக் கூடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையிலேயே ஒலியை முழுதாகக் கூட்டி, அவர்கள் காதுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். அவர்கள் ஒன்றைக் கையில் எடுத்தால், உங்கள் ஆசைக்காக அதைக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள்.