கணக்குக் கேளாத பாடகர்

மும்பைக்குப் பிழைக்க வந்த நாள்முதல், சம்பளம் கைக்கு வந்ததும் வாடகைக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு என்று பிரித்து வைப்பது என் வழக்கம். அவ்வேளைகளில் ரிச் மல்லின்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகரை நினைப்பதுண்டு. 1955-இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். 1988-இல் வெளிவந்த அவருடைய ‘ஆசம் காட்’ பாடலை நம் வாலிபரில் அநேகர் அறிவர். இயற்றியவரை அறிந்தோர் சிலரே.

பாடல்கள் பரவின, பணமும் பெருகிற்று. அவரோ அவ்வருமானத்தைத் தம் சபையாரிடம் ஒப்புவித்தார். அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் சராசரி ஆண்டுச் சம்பளம் எவ்வளவோ, அவ்வளவே அவருக்குக் கொடுக்கப்பட்டது. மீதி முழுவதும் தர்ம காரியங்களுக்குச் சென்றது. மொத்த வருமானம் எவ்வளவென்று அவர் கேட்டறியவும் விரும்பவில்லை. தெரிந்துகொண்டால் கொடுப்பது கடினமாகிவிடும் என்று எண்ணினார்.

“அவருக்கு மனைவி பிள்ளைகள் இல்லையே, பள்ளிக் கட்டணம் அவருக்கேது?” என்பாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். ஆயினும் மணமாகாத எத்தனை பேர் இப்படித் தங்கள் கணக்கைப் பிறர் கையில் விட்டிருக்கிறார்கள்?

புகழோடு இருந்த நாட்களிலேயே அவர் கான்சாஸ் மாநிலத்து விச்சிதா நகரில் மாணவராய் அமர்ந்து இசைக்கல்வி பயின்றார். 1995-இல் பட்டம் பெற்றதும் நவஹோ பழங்குடியினர் வாழும் பகுதிக்குக் குடியேறி, அங்குள்ள சிறுவருக்குச் சங்கீதம் கற்பித்தார். 1997 செப்டம்பர் 19 அன்று, விச்சிதாவில் தர்ம நிதிக்காகப் பாடச் செல்லும் வழியில், இல்லினாய்ஸ் நெடுஞ்சாலை விபத்தில் மரித்தார். அப்பொழுது அவருக்கு வயது 41.