டொபாங்கா சொந்தக் குரலில்

டிவியில் நடித்த குட்டிப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு என்ன ஆகிறார்கள்? பத்திரிகைகளைக் கேட்டால் இரண்டே பதில்தான். ஒன்று, கெட்டுப் போய்விட்டார். இல்லையென்றால், காணாமல் போய்விட்டார். இந்த இரண்டிலும் சேராத ஒருவரைப் பற்றிப் பார்ப்போம். பெயர் டேனியெல் ஃபிஷெல். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிட வேண்டாம். 90களில் அமெரிக்காவில் பள்ளிக்கூடம் போன பையன்கள் பலருக்குக் கனவுக் கன்னியாக இருந்தவர்.

தொண்ணூறுகளின் அமெரிக்க டிவி தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1993 செப்டம்பரில் ஏபிசி சேனலில் 'பாய் மீட்ஸ் வேர்ல்ட்' என்று ஒரு தொடர் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற வகை. பிலடெல்பியாவில் வசிக்கும் கோரி என்ற பையன், அவன் நண்பன் ஷான், அண்ணன் எரிக், பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் வாத்தியார் ஃபீனி. இவர்கள்தான் உலகம். இதில் கோரியின் வகுப்பில் படிக்கும் விசித்திரமான பெண்ணாக வந்தவள் டொபாங்கா. லாஸ் ஏஞ்சலஸ் அருகே இருக்கும் ஒரு பள்ளத்தாக்கின் பெயர் அது. முதலில் எப்போதாவது வந்து போகிற பாத்திரம்தான். ரசிகர்களுக்குப் பிடித்துப்போக, நிரந்தரப் பாத்திரமாகி, கடைசி சீசனில் கோரிக்கே மனைவியானாள். ஏழு வருடம், 158 எபிசோடு.

டொபாங்காவாக நடித்த டேனியெல் பிறந்தது 1981 மே 5. தொடரின் கடைசி எபிசோடு ஒளிபரப்பானது 2000 மே 5. அதாவது அவருடைய 19வது பிறந்த நாள் அன்று! 12 வயதில் உள்ளே போனவர், 19 வயதில் வெளியே வந்தார். நாம் ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதல் வருடம் வரை செய்ததையெல்லாம் யோசித்துப் பாருங்கள். அத்தனை வயதையும் அவர் கேமரா முன்னால் கழித்திருக்கிறார், அடுத்தவர் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசிக்கொண்டு.

அந்த ஏழு வருடத்தின் முதல் நாளைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். டொபாங்கா வேடத்துக்கு முதலில் வேறொரு சிறுமியைத்தான் எடுத்திருந்தார்கள். அவள் சரிவரவில்லை என்று அனுப்பிவிட்டு டேனியெலை வரவழைத்தார்கள். ஒத்திகை முடிந்ததும் தொடரை உருவாக்கியவர் எல்லோருக்கும் திருத்தம் சொன்னார். டேனியெலுக்கு மட்டும் கடைசியில் சொல்வதாக நிறுத்தி வைத்தார். கடைசியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நாளைக்கு வரும்போது இதை முழுக்க வேறு மாதிரி செய்யவில்லை என்றால், முன்னால் வந்த பெண்ணைப் போல நீயும் இங்கே இருக்க மாட்டாய். 12 வயதுப் பிள்ளை அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அம்மாவோடு உட்கார்ந்து இரவெல்லாம் அந்த வசனங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறது. மறுநாள் வேலை தப்பியது.

இதைச் சாதனைக் கதையாகவும் சொல்லலாம். 'அன்று பயந்து பின்வாங்கியிருந்தால் டொபாங்கா கிடைத்திருப்பாளா' என்று தன்னம்பிக்கைப் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே எழுதலாம். ஆனால் அந்த ஸ்டூடியோவில் இருந்த மற்றவர்கள் அன்று என்ன நினைத்தார்கள்? அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. ஏனென்றால் அவள் அங்கே வேலைக்கு வந்தவள். வேலைக்கு வந்தவளுக்கு வயது 12 என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலை அமெரிக்கா வெகு காலம் பண விஷயமாக மட்டுமே பார்த்தது. காமர்ஸ்காரர்களுக்குப் பிடித்த கதை இது. சார்லி சாப்ளினோடு 1921இல் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் லட்சக்கணக்கான டாலர்கள் சம்பாதித்தான். பெரியவனாகிக் கணக்குப் பார்த்தால் அம்மாவும் மாற்றாந்தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டார்கள். 1938இல் வழக்குப் போட்டு அவருக்குக் கிடைத்தது சுமார் 1,26,000 டாலர்தான். அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. பேரே கூகன் சட்டம்! ஆனால் அதில் ஓட்டைகள் நிறைய. பிள்ளை சம்பாதிப்பது பிள்ளையின் சொத்து என்று தெளிவாகச் சொல்லி, அதில் குறைந்தது 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டே ஆக வேண்டும் என்ற திருத்தம் அமலுக்கு வந்தது எப்போது தெரியுமா? 2000 ஜனவரியில். பாய் மீட்ஸ் வேர்ல்ட் முடிவதற்கு நான்கு மாதம் முன்னால்!

டேனியெலின் பணத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்பதல்ல இங்கே விஷயம். பணத்துக்குக் கணக்கு உண்டு, வங்கி உண்டு, சதவீதம் உண்டு. ஆனால் அந்த ஏழு வருடத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும் உரிமை யாருடைய பெயரில் இருக்கிறது? தொடர் டிஸ்னியின் சொத்து. டொபாங்கா என்ற பாத்திரமும் அப்படியே. அந்தப் பெண்ணின் நினைவுகளுக்குத்தான் எந்தச் சட்டத்திலும் கணக்கு இல்லை.

2000க்குப் பிறகு டேனியெல் சும்மா உட்காரவில்லை. 2008 முதல் 2011 வரை 'தி டிஷ்' என்ற கேலி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். 27 வயதில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்ட்டன் வளாகத்தில் சேர்ந்து, 2013இல் உளவியல் பட்டம் வாங்கினார். வயதாகிவிட்டது, இனிமேல் எதற்குப் படிப்பு என்று புலம்புகிறவர்கள் கவனிக்கவும். 2014இல் பழைய தொடரின் அடுத்த தலைமுறைக் கதையாக 'கேர்ள் மீட்ஸ் வேர்ல்ட்' வந்தது. அதில் டொபாங்கா ஒரு பெண்ணுக்கு அம்மா. அது 2017 ஜனவரியில் முடிந்தது. பிறகு டிஸ்னி சேனல் தொடர்கள் சிலவற்றின் எபிசோடுகளை இயக்கினார். அடுத்தவர் சொல்ல நடித்தவர், இப்போது அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற இடத்தில்.

2022 ஜூனில்தான் பாட்காஸ்ட் வந்தது. பெயர் 'பாட் மீட்ஸ் வேர்ல்ட்'. கூட்டாளிகள் இரண்டு பேர்: ஷானாக நடித்த ரைடர் ஸ்ட்ராங், எரிக்காக நடித்த வில் ஃப்ரீடில். கோரியாக நடித்த பென் சாவேஜ் சேரவில்லை. வேலை எளிது. பழைய தொடரை ஒவ்வொரு எபிசோடாகப் பார்ப்பது, பார்த்ததைப் பற்றி உட்கார்ந்து பேசுவது. இந்த வகை ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததுதான். 'தி ஆபீஸ்' தொடரில் நடித்த இரண்டு நடிகைகள் 2019இலேயே இப்படி ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள்.

இதிலென்ன இருக்கிறது, பழைய ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரிதானே என்று தோன்றும். பல எபிசோடுகள் அப்படித்தான். யார் சட்டை மோசம், எந்த ஜோக் எடுபடவில்லை என்று சிரித்துக்கொண்டே போகும். ஆனால் பழைய கணக்குப் புத்தகத்தை வரி வரியாகப் பார்த்தால் என்ன ஆகும் என்று கணக்கு படித்தவர்களுக்குத் தெரியும். எங்காவது ஒரு பதிவு உதைக்கும்!

அப்படி உதைத்த ஒன்று ட்ரீனா மெக்கீயின் கதை. தொடரின் ஐந்தாவது சீசனில் ஷானின் காதலி ஏஞ்சலாவாக வந்த கறுப்பின நடிகை அவர். கடைசி எபிசோடில் அவர் இல்லை. 2020இல், அந்த செட்டில் சக நடிகர்களிடமிருந்து தான் சந்தித்த இனவெறிப் பேச்சைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். வில் ஃப்ரீடில் தான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். 2022இல் ட்ரீனா பாட்காஸ்டுக்கே வந்து மூவரின் முன்னால் உட்கார்ந்தார். கடைசி எபிசோடில் தான் இருப்பதை நீங்கள் விரும்பவில்லை என்று அப்போது தன்னிடம் சொல்லப்பட்டதாகச் சொன்னார். மூன்று பேருக்கும் அதிர்ச்சி. நாங்கள் அப்படிக் கேட்கவே இல்லை என்றார்கள். 22 வருடம் ஒருவர் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறார். மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பழைய தொடரைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருக்காவிட்டால் இது வெளியே வந்தே இருக்காது.

இன்னொன்று இதைவிடக் கடினமானது. பிரையன் பெக் என்ற நடிகர் தொடரின் ஐந்தாவது சீசனில் தலை காட்டியவர். ரைடரோடும் வில்லோடும் நண்பராகப் பழகியவர். வேறொரு இளம் நடிகரைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் 2004இல் தண்டனை பெற்றார். அன்று நீதிமன்றத்தில் அவருக்கு ஆதரவாக நின்றவர்களில் ரைடரும் வில்லும் இருந்தார்கள். 2024 பிப்ரவரியில் மனநல ஆலோசகர் ஒருவரையும் உட்கார வைத்துக்கொண்டு அவர்கள் அதைப் பேசினார்கள். தாங்கள் எப்படி நம்ப வைக்கப்பட்டோம் என்று மட்டும் பேசி நழுவவில்லை. அந்த அறையில் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்றார் வில். பாதிக்கப்பட்டவரின் அம்மா அன்று தங்களைப் பார்த்துப் பேசியதையும் நினைவுகூர்ந்தார்.  

இதெல்லாம் வியாபாரம்தானே என்று ஒரு கேள்வி வரும். ஆமாம், வியாபாரம்தான். ஐஹார்ட் என்ற பெரிய நிறுவனம் வெளியிடுகிறது, நடுநடுவே விளம்பரம் வருகிறது, மேடை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கிறது. விற்கும் சரக்கும் அதே பழைய டொபாங்காதான். அந்தப் பெயர் இல்லையென்றால் முதல் எபிசோடை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? குழந்தைப் பருவத்தை ஒரு தடவை கம்பெனி விற்றது, இரண்டாம் தடவை தானே விற்கிறார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இந்த இரண்டு விற்பனைக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எப்போது நிறுத்துவது என்பதை இப்போது முடிவு செய்வது 40 வயது தாண்டிய ஒரு பெண். 12 வயதில் அந்த முடிவு அவர் கையில் இல்லை.

இதன் முழு அர்த்தம் 2024 ஆகஸ்டில் தெரிந்தது. பாட்காஸ்டின் ஒரு எபிசோடில் டேனியெல் தனக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். பால் நாளங்களுக்குள் ஆரம்பிக்கும் வகை, மிக ஆரம்ப நிலை. வருடாந்திர மேமோகிராம் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்ததால் பிடிபட்டது. அப்போது அவருக்கு 43 வயது. சிகிச்சைக்குத் தேதிகூட வராத நேரம். பிரபலங்கள் வழக்கமாக எல்லாம் முடிந்து, குணமாகி, நல்ல புகைப்படத்தோடு 'நான் வென்றேன்' என்று அறிவிப்பார்கள். தானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்றார் அவர். ஆனால் ஒரு கதையின் தொடக்கத்திலும் குழப்பமான நடுப்பகுதியிலும் இருப்பவர்களிடமிருந்துதான் அதிகம் கற்றுக்கொள்ள முடியும் என்பதால் இப்போதே சொல்வதாகச் சொன்னார். கேட்பவர்களில் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்கள் இருந்தால் தேதி வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. அடுத்த வருடமே, 2025இல், 'டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்' போட்டி மேடையில் ஆடினார்.

டொபாங்கா கடைசி வரை தைரியமான, புத்திசாலியான பெண்ணாகவே இருந்தாள். அவளுடைய தைரியம் எழுத்தாளர்கள் எழுதியது. மருத்துவரிடமிருந்து அந்தப் போன் வந்த பிறகு, மைக்கை இழுத்து வைத்து, முடிவு தெரியாத ஒரு விஷயத்தை நேயர்களிடம் சொன்னபோது டேனியெலுக்கு வசனம் எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. நாளைக்கு வேறு மாதிரி பேசிவிட்டு வா என்று சொல்லவும் யாரும் இல்லை.

குழந்தை நட்சத்திரங்கள் என்ன ஆனார்கள் என்று அடுத்த தடவை எங்காவது ஒரு பட்டியல் கண்ணில் பட்டால், படம் பார்த்து 'அய்யோ, எப்படி இருந்தவர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடாதீர்கள். அவர்கள் பேசியது எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சின்ன வயதில் அவர்கள் பேசியதையெல்லாம் உலகமே கேட்டது. அதில் அவர்கள் சொந்தமாகப் பேசியது மிகக் கொஞ்சம்.