நாக் அவுட், வாக் ஓவர், ஸ்லாம்

ஆட்டத்தில் ஒருவர் ஜெயித்தார் என்று சொல்ல ஆங்கிலத்தில்தான் எத்தனை சொற்கள்! பீட், திராஷ், ஹேமர், கிரஷ், விப். எல்லாமே அடி, சுத்தியல், சாட்டை. சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் நான் கணக்கெழுதிய நாட்களில், ஆங்கிலப் பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, இது விளையாட்டுச் செய்தியா, போலீஸ் செய்தியா என்று சிரித்துக்கொள்வோம்.

ஆனால் நம் வடசென்னை குத்துச்சண்டை மேடையிலும் கேரம் போர்டிலும் புழங்கும் சொற்களைப் பாருங்கள். நாக் அவுட் என்றால் அடி மட்டுமல்ல. விழுந்தவன் எழுந்து நிற்கப் பத்து எண்ணும் வரை அவகாசம் உண்டு. அடித்தவன் அதுவரை ஒரு மூலையில் ஒதுங்கி நிற்க வேண்டும். இனி இவன் தாங்கமாட்டான் என்று ரெஃபரியே நிறுத்தினால் அது டெக்னிக்கல் நாக் அவுட். தோற்பவனைக் காப்பாற்றவே வந்த விதி.

வாக் ஓவர் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. எதிர்க்குதிரை வராவிட்டாலும், இருக்கும் ஒற்றைக் குதிரை மைதானத்தை நடந்தாவது கடந்தால்தான் வெற்றி. கேரமில் ஒயிட் ஸ்லாம் அடித்தால், எதிராளி ஸ்டிரைக்கரைத் தொடாமலே போர்டு முடிந்துவிடும். அதிலும் யாரையும் யாரும் நசுக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துத் தெரு கேரம் போட்டியில் ஒரு சிறுவன் தோற்றான். ஜெயித்த பிள்ளையின் அப்பா வாட்ஸ்அப்பில் 'கிரஷ்' என்று பெருமையாகப் போட்டார். தோற்றவன் அதைப் படித்துவிட்டு நான்கு நாள் போர்டுப் பக்கமே வரவில்லை.

சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 என இருமுறை உலக சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். தோற்ற மறுநாளும் போர்டுக்குத் திரும்பி வருகிறவர்களிடமிருந்துதான் இப்படி ஒருவர் கிளம்ப முடியும்.

நம் 'தோற்கடித்தான்' என்பதிலும் ஓர் 'அடி' ஒளிந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருவில் நாம் சொல்வது என்ன? "அவன் ஜெயிச்சிட்டாம்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்." அந்த 'நாளைக்கு' என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் விடாமல் சொல்லுங்கள். அந்தப் பையன் ஐந்தாம் நாள் வந்துவிட்டான்.